பத்தொன்பது சொட்டு

முருகன் துணை

ஆம்பூர்
12-1-1959

அவர்களுக்கு, கங்கம்மாள் எழுதியது.

இங்கே நான் சுகம். நீங்கள் சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்து விடுதியில் இடம் கிடைத்த விவரம் எழுதிய கார்டு சனிக்கிழமை வந்தது. மெஸ்ஸில் ரசம் மட்டும் பரவாயில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரசம் நன்றாக இருக்கிற இடத்தில் இரண்டு மாதம் தள்ளிவிடலாம். எனக்குத்தான் கை இன்னும் பழகவில்லை. தானாக இரண்டு ஆளுக்கு அரிசி அளந்துவிடுகிறது. மறுநாள் பழையதும் நானேதான் தின்கிறேன்.

இரண்டு தரம் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். மற்றபடி வாசலுக்கும் கிணற்றுக்கும்தான் நடை. பேசுவதற்கு ஆள் இல்லாமல் அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லோடு பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டு ஹலீமா பீ சிரிக்கிறாள்.

ஒரு விஷயம். நேற்றுக் காலை கன்னியப்பன் என்று ஒருவர் உங்களைத் தேடி வந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலையாம். ஆறாம் பாரத்தில் உங்களிடம் படிக்கிற எல்லம்மாவின் அப்பா. தெருவிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை, தோன்றியபோது அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

டிசம்பரில் நீங்கள் வைத்த செய்முறைப் பரீட்சையில் அந்தப் பெண்ணுக்கு இருபதுக்கு மூன்று. "கூர்ந்து நோக்கும் திறன் இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களாம். யாரோ படித்துச் சொன்னதும் பெண்ணுக்குக் கண் கோளாறு என்று பயந்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார்.

"கண்ணு நல்லாக் கீதுன்னு டாக்டரு சொல்ட்டாரும்மா. எட்டாவது வரி வரிக்கும் படிச்சிச்சாம். அப்பறம் இன்னாத்துக்கு மூணு மார்க்கு?" என்றார்.

அந்த மூன்றினால் விஞ்ஞானத்தில் தேறவில்லை, எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பேர் அனுப்புகிற பட்டியலில் வராது என்கிறார். பிப்ரவரி 21 கெடு. பேர் வராவிட்டால் மாசி பிறந்ததும் ஷாப்பில் ஆவாரம்பட்டை பொறுக்கச் சேர்த்துவிடுவதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாராம். அவர்கள் பக்கத்தில் இவ்வளவு தூரம் படித்த பெண் இவள் ஒருத்திதான். ஐந்தாம் பாரம் வரையில் நீங்களே அவளைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மூன்று எதற்காக என்று ஒரு வரி எழுதினால் அவரிடம் சொல்வேன்.

கங்கம்மாள்


சைதாப்பேட்டை
17-1-1959

சௌ. கங்கம்மாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு வர முடியாததற்கு வருத்தம். லீவு இரண்டே நாள். அறையில் நால்வர் இருந்தோம், மூவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாக அடுத்த வீட்டில் பொங்கல் பொங்கியதைப் பார்த்தேன். இதை எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இங்கே நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விஞ்ஞானத்தில் ஒரு பையன் பாடத்தை ஒப்பித்தால் மார்க்கு போட நமக்குத் தெரியும். அவன் கையால் செய்ததற்கும் கண்ணால் பார்த்ததற்கும் எப்படி மார்க்கு போடுவது? அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பார்த்தல், அளத்தல், குறித்தல், முடிவு சொல்லல் என்று நான்காகப் பிரித்து ஐந்தைந்து மார்க்கு. நான் ஆம்பூரில் என் புத்திக்கு எட்டியபடி இதையே செய்தேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். பிப்ரவரி ஐந்தாம் தேதி எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் என் பரீட்சையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்.

எல்லம்மா விஷயம். பரீட்சை இதுதான்: ஒரு புட்டியில் மழைத் தண்ணீர், ஒரு புட்டியில் கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலிருந்தும் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனையாவது சொட்டில் நுரை நிலைத்து நிற்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். மழைத் தண்ணீரில் சீக்கிரம் நுரைக்கும். நம் ஊர்க் கிணற்றில் தோல் ஷாப்புகளின் உப்பு இறங்கி, நுரை லேசில் வராது. நவம்பரில் வகுப்பில் நானே செய்து காட்டினேன். மழைக்கு நாலு சொட்டு, கிணற்றுக்குப் பத்தொன்பது. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பரீட்சையில் முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் சரியாக எழுதினார்கள். இவள் மட்டும் இரண்டுக்கும் பத்தொன்பது என்று எழுதினாள். அதாவது ஒரே புட்டியிலிருந்து இரண்டு தரம் ஊற்றியிருக்கிறாள். சுத்தமான கையெழுத்துக்காக மூன்று போட்டேன். புத்திசாலிப் பெண்தான். ஆனால் கவனம் இல்லாதவளுக்கு விஞ்ஞானத்தில் இரக்கம் காட்டினால், கவனமாக இருந்த முப்பத்தொரு பேருக்கு அநியாயம்.

இதைக் கன்னியப்பனிடம் பக்குவமாகச் சொல். மேற்கொண்டு இதில் நீ தலையிட வேண்டாம்.

சம்பந்தம்


முருகன் துணை

ஆம்பூர்
22-1-1959

அவர்களுக்கு, கங்கம்மாள் எழுதியது.

கன்னியப்பனிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்தேன். நீங்கள் இரவல் கொடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். புத்தகத்துக்குக் காக்கிக் காகிதத்தில் புது அட்டை போட்டிருந்தாள். இனிமேல் வேண்டியிருக்காது என்று வைத்துவிட்டுத் திரும்பினாள். நான்தான் நிறுத்தி, வாசற்படியில் உட்காரச் சொல்லிக் கேட்டேன்.

அவள் சொன்னது அப்படியே:

"நாலு வரணும்னு தெரியும் வாத்தியாரம்மா. நோட்டுல எழுதிக் கீறேனே. நாலு சொட்டு விட்டேன், நுரை நிக்கல. ஒருவேள குழாய்ல அழுக்கு இருக்குமோன்னு கழுவிட்டுத் திருப்பி விட்டேன். அப்பவும் நிக்கல. மூணு தபா செஞ்சேன். பத்தொம்பதுலதான் நின்னுச்சு. அப்பறம் நான் இன்னா எழுதறது?"

மற்றவர்களுக்கு நாலில் வந்ததாமே என்றேன். "அவுங்க குலுக்கவே இல்ல. விட்டாங்க, எழுதனாங்க, போய்ட்டாங்க. நான்தான் கடைசீல எழுந்தேன்" என்றாள். கோள் சொல்கிற குரலில் சொல்லவில்லை. தப்பு தன் மேல்தான் இருக்கும், எங்கே என்றுதான் தெரியவில்லை என்பது போலச் சொன்னாள்.

நீங்கள் அவள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? முப்பத்திரண்டு பேரை ஒருவர் எப்படிப் பார்ப்பது, எனக்கும் தெரிகிறது. அந்தப் புட்டித் தண்ணீரை அன்று காலையில் நீங்கள் ஒரு தரம் சோப்பு விட்டுப் பார்த்தீர்களா?

(இதற்குக் கீழே மூன்று வரி அடித்திருக்கிறேன். மையைச் சுரண்டிப் படிக்க வேண்டாம்.)

பொங்கல் வைத்தேன். பால் பொங்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆள் இல்லாமல் நானே மெதுவாகச் சொன்னேன்.

நேற்று முற்றத்தில் உட்கார்ந்து இங்க் ஃபில்லரால் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். ஹலீமா பீ சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா கங்கம்மா, வீட்டுக்காரர் ஊர்ல இல்லன்னதும் சின்னப் புள்ளையாயிட்டியா?" என்றாள். நம் கிணற்றுத் தண்ணீருக்குப் பத்தொன்பதுதான் வருகிறது. சரியாகப் பத்தொன்பது. நீங்கள் சொன்னது நிஜம்.

கங்கம்மாள்


சைதாப்பேட்டை
28-1-1959

சௌ. கங்கம்மாளுக்கு ஆசீர்வாதம்.

தலையிட வேண்டாம் என்று எழுதியும் அந்தப் பெண்ணை உட்கார வைத்து விசாரணை செய்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு கதை வைத்திருக்கும். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புட்டித் தண்ணீரைச் சோதித்தேனா என்று கேட்கிறாய். எதற்காக? ஐப்பசி மழையில் நீ மேல்தளத்துக் குழாயில் பிடித்துத் துணி கட்டி வைத்த அதே தவலைத் தண்ணீர். வகுப்பில் செய்து காட்டியதும் அதில்தான். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் அதேதான். பரீட்சை நாள் காலையில் இரண்டையும் நானே என் கையால் புட்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். இதற்கு மேல் என்ன சோதிப்பது?

உனக்கு ஒரு வேலை. தகரப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், அந்தப் பரீட்சைத் தாள்கள் கட்டாக இருக்கின்றன. ஐந்தாம் தேதி பேச்சுக்கு அவை வேண்டும். பேராசிரியர் எல்லோருக்கும் சுற்றுக்கு விடப் போகிறார். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. முப்பத்திரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக் கட்டு.

இந்தப் பேச்சு நன்றாக அமைந்தால் ஜில்லாவில் மற்றப் பள்ளிகளுக்கும் போய்ச் செய்முறைப் பரீட்சை நடத்திக் காட்ட என்னைப் போடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே வந்ததும் பிடித்த இருமல் இப்போது தேவலை.

சம்பந்தம்


முருகன் துணை

ஆம்பூர்
3-2-1959

அவர்களுக்கு, கங்கம்மாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

தாள்கள் முப்பத்திரண்டும் இத்துடன் இருக்கின்றன. எண்ணிப் பார் என்றீர்கள். எண்ணும்போது படித்தேன்.

முப்பத்தொரு தாளில் மழைத் தண்ணீருக்கு நாலு. ஒன்றில்கூட மூன்று இல்லை, ஐந்து இல்லை. சிலதில் நீங்கள் வகுப்பில் சொன்ன வாக்கியம்கூட அப்படியே இருக்கிறது. எல்லம்மாவின் தாளில் "மூன்று முறை செய்தேன். குழாயைக் கழுவினேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. காரணம் எனக்குத் தெரியவில்லை" என்று இருக்கிறது. அதன் மேல் உங்கள் சிவப்புக் கோடு.

அந்தக் காரணம் எனக்குத் தெரியும். ஜனவரி முதலே தெரியும். போன கடிதத்தில் அடித்த மூன்று வரி அதுதான்.

டிசம்பர் எட்டாம் தேதி கார்த்திகை நாலாவது சோமவாரம். ஐந்து சோமவாரமும் ஐந்து அடியார்களுக்கு அன்னம் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன், எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக ஒன்றைத்தானே வேண்டுகிறேன். அன்று பருப்பு வேகவில்லை. நம் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு எந்த நாளில் சுலபமாக வெந்தது? எப்போதும் தெருக்கோடி நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் எடுத்து வந்துவிடுவேன். அன்று அங்கே தூர் வாரிக்கொண்டிருந்தார்கள், சேறாக இருந்தது. காலையில் ஏற்றிய பருப்பு பதினோரு மணிக்கும் முத்து முத்தாகக் கிடந்தது. அடியார்கள் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர், "பசி பொறுக்கலாம் தாயே, அவசரம் இல்ல" என்றார். மழைத் தண்ணீர்த் தவலையை அவிழ்த்து உலையில் ஊற்றினேன். புதுப் பருப்பு அரை மணியில் குழைந்துவிட்டது. சாதத்துக்கும் அதுவே போயிற்று. பிற்பாடு பார்த்தால் தவலையில் அடித்தண்ணீர் ஒரு கையளவுகூட இல்லை.

நம் கிணற்றில் இறைத்துத் தவலையை நிரப்பித் துணியைக் கட்டி வைத்துவிட்டேன். மறுநாள் காலை நீங்கள் அதிலிருந்துதான் மொண்டீர்கள். கிணற்றிலிருந்தும் இறைத்தீர்கள். இரண்டு புட்டியிலும் ஒரே தண்ணீர்தான் போயிற்று.

அன்று ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் அந்தத் தண்ணீரை ஒரு மாதமாக அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தீர்கள். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்ல நா எழவில்லை. பிள்ளைகள் எப்படியும் புத்தகத்தில் இருக்கிறதைத்தானே எழுதப்போகிறார்கள், தண்ணீர் எதுவானால் என்ன என்று நினைத்தேன். முப்பத்தொரு பேர் விஷயத்தில் நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. ஒரு பெண் மட்டும் பார்த்து எழுதுவாள் என்று நான் எண்ணவே இல்லை.

அவளுக்குத்தான் மூன்று மார்க்கு.

உங்கள் பேச்சு ஐந்தாம் தேதி. இதை அதற்கு முன்னால் எழுதுவதா, பிறகு எழுதுவதா என்று இரண்டு நாள் சாமி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினால் அது இன்னொரு தவலையை மூடி வைக்கிற மாதிரி. கெடுவுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெண்ணின் பேரைச் சேர்க்க ஹெட்மாஸ்டருக்கு எழுதுங்கள்.

கங்கம்மாள்


முருகன் துணை

ஆம்பூர்
11-2-1959

அவர்களுக்கு, கங்கம்மாள் எழுதியது.

கட்டு கிடைத்ததா என்றாவது ஒரு கார்டு போடவும். ரிஜிஸ்தர் சீட்டு என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தபாலாபீசில் சொல்கிறார்கள்.

இந்த வாரம் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் ஏதோ கோலம் அழிந்துவிட்ட மாதிரி குனிந்துகொள்கிறேன்.

கன்னியப்பன் நேற்றுப் போகிற போக்கில், "சாரு ஏதாவது எழுதனாரா?" என்று கேட்டார். மாசி பிறக்க இரண்டே நாள் இருக்கிறது. இந்த மாதம் இருபத்தொன்று வரைக்கும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். "நீங்க சொல்றீங்கன்னு பொறுக்கறேன்" என்றார்.

கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள்.

கங்கம்மாள்


சைதாப்பேட்டை
13-2-1959

கங்காவுக்கு,

கட்டு ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தது. கடிதத்தைப் படித்தேன். பத்தரைக்கு என் பேச்சு.

நாற்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். தாள்கள் கை மாறிப் போய்க்கொண்டிருந்தன. உன் கடிதம் என் சட்டைப் பையில். நான் எழுதி வைத்திருந்ததை எழுதி வைத்தபடியே படித்தேன். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் சரி என்றேன். பேராசிரியர் நாலைந்து தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லோருக்குமே நாலா? ஒரு பிள்ளைக்குக்கூட ஐந்து வரவில்லையா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"நல்ல பழக்கம் கொடுத்திருக்கிறேன்" என்றேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் மேல் கோபம் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். பருப்புக்காக என் பரீட்சையைக் கெடுத்தாள் என்று நடந்து நடந்து சொல்லிக்கொண்டேன். பிறகு அதுவும் நிற்கவில்லை. தண்ணீரை மாற்றியது நீ. ஆனால் ஒரு தரம்கூடக் குலுக்கிப் பார்க்காமல் எழுதிய முப்பத்தொரு பேருக்குப் பார்த்தலுக்கு ஐந்து, அளத்தலுக்கு ஐந்து என்று போட்டது நான். தண்ணீர் சரியாக இருந்திருந்தால் இது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

இன்று காலை பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைப் புரட்டி எல்லம்மாவின் தாளைத் தனியே எடுத்தார். "அந்தப் பெண்ணின் தாளை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்றார். ஜில்லா வேலை இனி எனக்கு வராது. அதைப் பற்றி நீ வருத்தப்படாதே.

ஹெட்மாஸ்டருக்கு இதே தபாலில் விவரமாக எழுதியிருக்கிறேன். எல்லம்மாவின் மூன்றை அடித்துவிட்டு இருபது போடவும், மற்றவர்களுக்குச் செய்முறையை ரத்து செய்யவும் கேட்டிருக்கிறேன். நீயும் அவரைப் போய்ப் பார். நான் ஊரில் இல்லாதபோது உன்னை இதற்கு அனுப்புவது எனக்கு உறுத்துகிறது.

சம்பந்தம்


முருகன் துணை

ஆம்பூர்
20-2-1959

அவர்களுக்கு, கங்கம்மாள் எழுதியது.

எல்லம்மாவின் பேர் பட்டியலில் வந்துவிட்டது. இன்று காலை பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டியிருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பின்னால்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். உங்கள் கடிதத்தை மேஜையில் மடித்து வைத்திருந்தார். முப்பத்தொரு பேருடைய மார்க்கை ரத்து செய்தால் முப்பத்தொரு அப்பன்மார் நாளைக்கு வாசலில் நிற்பார்கள், அதில் தோல் ஷாப்பு முதலாளி வீட்டுப் பையன்களும் உண்டு என்றார். பார்க்காததை எப்படி இருபதாகப் போடுவது, வேண்டுமானால் எல்லம்மா ஒருத்திக்கு மட்டும் திரும்ப வைக்கிறேன் என்றார். அன்று அவளுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதிக்கொள்வாராம். தண்ணீர்ப் பேச்சு வெளியே போகக்கூடாது. "நீங்களும் கூட இருங்கம்மா, தண்ணி இந்தத் தபா சரியான தண்ணின்னு பாத்துக்குங்க" என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மாசியில் மழைக்கு எங்கே போவது? பஸ் கம்பெனி ஷெட்டில் பாட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு புட்டி வாங்கி வரச் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் நம் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு, உங்கள் விஞ்ஞான அறையில் வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து தபால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சியில், எல்லம்மாவுக்கு நேர் எதிரே.

பெண் சலவைப் பாவாடை கட்டி வந்திருந்தாள். குழாயைக் கழுவினாள். பாட்டரித் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினாள். இரண்டாவது சொட்டு விட்டுக் குலுக்கினாள். நுரை வந்து நின்றுவிட்டது. நன்றாக, விரல்கடை உயரத்துக்கு நின்றது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதமாக முற்றத்தில் இதையே செய்தவள், எனக்குத் தெரியாதா? நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். குழாயைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். பிறகு இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். குலுக்கவில்லை. தாளை இழுத்து "நாலு" என்று எழுதினாள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஐந்தோ ஆறோ விட்டாள். "பத்தொன்பது" என்று எழுதினாள். கால் மணிகூட ஆகவில்லை.

ஹெட்மாஸ்டர் தாளை வாங்கி, உங்கள் பழைய விடைத்தாளோடு வைத்துப் பார்த்துப் பதினெட்டு போட்டார். "பாத்தியா, கவனமாச் செஞ்சா வருது" என்றார். அவள், "ஆமாம் சார்" என்றாள்.

வெளியே வந்தோம். பள்ளிக்கூட கேட் வரைக்கும் கூடவே நடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டுலயே நின்னுச்சே எல்லம்மா" என்றேன்.

"பாத்தேன் வாத்தியாரம்மா."

"அப்பறம் ஏன் நாலுன்னு எழுதன?"

அவள் என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ரெண்டுன்னு எழுதினா மறுபடியும் மூணுதான் போடுவாரு. இது மழைத்தண்ணி இல்ல, வேற தண்ணின்னு யாருக்குப் புரியும்? அப்பாவுக்கு இன்னொரு நாள் கூலி போவும்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்கே இப்பிடி எழுதியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல" என்றாள்.

ஹெட்மாஸ்டர் அறை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. டிசம்பரில் சொல்லாமல் இருந்தது என் பயத்துக்காக. நேற்று யாருக்காக என்று என்னால் தெளிவாக எழுத முடியவில்லை. அவளுக்காக என்றுதான் நேற்று நினைத்தேன். இன்று பலகையில் அவள் பேரைப் பார்த்தபோது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

சாயங்காலம் கன்னியப்பன் வந்தார். இந்தத் தரம் உள்ளே வரச் சொன்னேன். வாசற்படி தாண்டி உட்காரவில்லை, ஆனால் நான் கொடுத்த மோரைக் குடித்தார். உங்கள் பேரையும் என் பேரையும் சொல்லிக் கும்பிட்டார். பெண் அவருக்குப் பின்னால் நின்றாள். இரவல் புத்தகத்தை மறுபடி எடுத்துப் போகச் சொல்லி நீட்டினேன். "வேணாம் வாத்தியாரம்மா, அதுல கேள்வி வராது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு வெகு நேரம் கதவைத் தாழ் போடாமல் நின்றிருந்தேன்.

மார்ச்சு முதல் வாரம் நீங்கள் வந்துவிடுவீர்கள். பரீட்சைக்கு முன்னால் மூன்று வாரம் அவள் உங்கள் வகுப்பில் இருப்பாள். முன் பெஞ்சியில்தான் உட்காருவாளாம், கேட்டதெல்லாம் சரியாகச் சொல்லுவாளாம். ஹெட்மாஸ்டர் இப்போதே புகழ்கிறார். டிசம்பரில் மூன்று தரம் குழாயைக் கழுவிய பெண் எங்கே போனாள் என்று அவளிடம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேராசிரியர் வைத்துக்கொண்ட தாளைத் திருப்பிக் கேட்க வேண்டாம். அவள் எழுதினதில் அது ஒன்றாவது யாராவது பார்க்கிற இடத்தில் இருக்கட்டும்.

வரும் ரயில் எது என்று முன்னாலேயே எழுதவும். இரண்டு பேருக்கு அரிசி போட வேண்டும்.

கங்கம்மாள்